முகட்டில் ஓர் இரவு தங்க வழி விடுங்கள்

கொழுக்குமலை உச்சியில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்க விரும்புகிறவருக்கு இன்று பெரிய சிரமம் ஏதும் இல்லை. கேரள எல்லைக்குள் இருக்கும் சூரியநெல்லியில், விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. வாடகையைக் கொடுத்து ஏறி உட்கார்ந்தால் போதும். தேயிலைத் தோட்டத்துக் கற்பாதையில் குலுங்கியபடி முகட்டின் விளிம்புக்கே போய்விடலாம். கொழுக்குமலை இருப்பதோ நம் தேனி மாவட்டத்தில். அதே முகட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து, போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து, முதுகில் ஒரு பையோடு நடந்து ஏறி, மேலே சிறு கூடாரம் கட்டிப் படுத்து, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் முகட்டோடு நடக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதற்கு முறையாக விண்ணப்பிக்க வழியே இல்லை.

இந்த நிலை மாற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பகுதியில், பல நாள் நடக்கக்கூடிய முகட்டுப் பாதை ஒன்றையாவது அரசு திறக்க வேண்டும். அதில் விடுதி வேண்டாம், உணவகம் வேண்டாம், சிமென்ட் படிக்கட்டும் வேண்டாம். நடந்து களைத்தவர் படுக்கக் கொஞ்சம் சமதரை, எட்டும் தொலைவில் ஓர் ஊற்று, உடன்வர உள்ளூர் வழிகாட்டி, இவ்வளவு போதும். இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கான கோரிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. மலையை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம், யார் காலடியில் அது தேயப்போகிறது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

நடந்து போய்க் காட்டில் படுத்து எழுவது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சபரிமலைப் பெரிய பாதையில் நடந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். எருமேலியில் பேட்டை துள்ளிக் கிளம்பினால் காளைகட்டி, அழுதை, கல்லிடும் குன்று, கரிமலை ஏற்றம், கரிமலை இறக்கம் என்று பம்பை வரை காட்டு வழி. எங்கே இருட்டியதோ அங்கே விரி போட்டு, கஞ்சி காய்ச்சிக் குடித்துப் படுத்தவர்கள் நம் தாத்தாக்கள். அவர்கள் தலையில் இருந்த இருமுடியை ஒரு பயணமூட்டையாகப் பாருங்கள். முன்முடியில் சாமிக்கு நெய்த்தேங்காய். பின்முடியில் வழிக்கு அரிசியும் பருப்பும். தலை தாங்குகிற அளவுக்குத்தான் பொருள். அதைக் கட்டிக்கொடுத்து முன்னால் நடக்க ஒரு குருசாமி உண்டு. அவர் இல்லாமல் கன்னிசாமி காட்டுக்குள் கால் வைத்ததில்லை. எந்த இடத்தில் தண்ணீர் நல்லது, எந்தச் சரிவில் யானை இறங்கும், எந்த இறக்கத்தில் முழங்கால் சொன்னபடி கேட்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நீண்ட மலைவழிப் பயணத்துக்கு வேண்டிய ஒழுங்கு அத்தனையும் அந்த மரபில் ஏற்கெனவே இருந்தது.

பொதிகைக்கும் இப்படியொரு வழி இருந்தது. பாபநாசம் பக்கமிருந்து அகத்தியர் மலை உச்சிக்குப் போய்வந்த கதைகளைத் தாமிரபரணிக் கரையின் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது. இன்று அகத்தியரைப் பார்க்க ஆசைப்படும் திருநெல்வேலிக்காரர் திருவனந்தபுரம் சுற்றிப்போய், கேரள வனத்துறையிடம் பெயர் பதிந்து, போனக்காட்டிலிருந்து ஏறுகிறார். அங்கே நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து, அதிருமலை முகாமில் இரவு தங்கவைத்து, மறுநாள் 1,868 மீட்டர் உயர உச்சிக்கு அனுப்பித் திருப்பி அழைத்து வருகிறார்கள். மலை ஒன்றுதான். ஒரு சரிவில் முடிவது இன்னொரு சரிவில் ஏன் முடியவில்லை?

குரங்கணி சொன்னது என்ன?

இந்தக் கேள்விக்கு வனத்துறையில் யாரும் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: குரங்கணி. அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது, பேசவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையில் தங்கிவிட்டுக் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு குழு. திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இன்னொன்று. அங்கேயே கருகியவர்களும் மருத்துவமனைகளில் அடுத்தடுத்த நாட்களில் போனவர்களுமாக 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். அந்தச் சரிவைப் பிறகு பார்த்தவர்களுக்குப் புரியும்: ஆளுயரப் புல், அதற்கு நடுவில் ஒற்றையடிப் பாதை, பக்கத்தில் பாறைப் பள்ளம். மார்ச் மாதத்தில் அந்தப் புல் காய்ந்த வைக்கோலாக நிற்கும். கீழிருந்து காற்று ஏறும் நேரத்தில் தீ பற்றினால் அது ஆளை விட வேகமாக மேலே ஓடும்.

இந்த மரணங்களைப் பல நாள் முகட்டு நடைக்கு எதிரான சாட்சியமாக வைக்கிறார்கள். நிதானமாகப் பார்த்தால், சாட்சியம் வேறொன்றைச் சொல்கிறது. காடு எரியும் பருவத்தில் போனார்கள். அவர்கள் போன பாதைக்கு உரிய அனுமதி இல்லை என்று அரசே அப்போது சொன்னது. தீ வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த மலைக்காரர் போதிய அளவில் உடன் இல்லை. தீ ஏறும் திசையில் ஓடக் கூடாது, பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது, பாறைத்தளமோ ஏற்கெனவே எரிந்து அணைந்த கரித்தரையோ தேட வேண்டும் என்பது குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து ஆடு மேய்ப்பவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். நகரத்திலிருந்து வார இறுதிக்கு வந்த பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களைக் கொன்றது அறிவும் ஒழுங்கும் இல்லாத ஏற்பாடு. அந்த அறிவு இருக்கிற ஆட்களை வழியில் நிறுத்துவதும், அந்த ஒழுங்கை எழுத்தில் கொண்டுவருவதும்தான் இறந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடன்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்து, இணையத்தில் பதிவு. உள்ளூர் மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தீப் பருவத்தில் பாதைகள் மூடல். மிக நல்ல தொடக்கம் இது; மனம் திறந்து பாராட்டுகிறேன். ஆனால் இவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் பாதைகள். ஒருநாள் நடையில் மலையின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும். முகடு என்பது சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் தனி உலகம். அதன் காற்றும் பனியும் வேறு; மாலை ஐந்து மணிக்கு மேல் சோலை விளிம்புக்கு வரும் உயிர்கள் வேறு. அதைத் தெரிந்துகொள்ள அங்கே இருட்ட வேண்டும்.

கட்டடத்தைவிடக் கூடாரம் நல்லது

காட்டில் தங்க ஆட்களை விட்டால் காடு கெடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு நான் சொல்லும் பதில், தங்கும் முறையைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது என்பது. ஒரு மலையில் பத்து அறை விடுதி ஒன்றைக் கட்டினால் முதலில் சாலை வரும். சாலைக்குப் பின்னால் மின்கம்பம், ஆழ்துளைக் கிணறு, ஜெனரேட்டர், கழிவுநீர்த் தொட்டி, அதன் கசிவு, குப்பைமேடு, குப்பைமேட்டுக்கு வரும் காட்டுப்பன்றி, கரடி. இப்படியே ஒரு மலை ஊர் உருவாகிவிடும். கொடைக்கானல் அந்த வழியில்தான் வந்து நிற்கிறது. நெரிசல் தாங்க முடியாமல் 2024 ஏப்ரல் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் முறையைக் கொண்டுவர உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு கோடைக்கு, வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தது. வரம்பு வைத்த பிறகும் ஒருநாளைக்கு நான்காயிரம் வாகனம்! இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளும் மலைத்தொடரின் மறுகோடியில், பத்துப் பேர் பாய் விரித்துப் படுப்பதைச் சூழலியல் ஆபத்து என்று சொல்வதில் அளவுகோல் தவறிப்போகிறது.

எதுவும் கட்டாத முகாமில் மிச்சம் விழுவது குறைவு. ஆனால் அது தானாகக் குறையாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலையையும் சரியாகச் செய்தால்தான் குறையும். ஊற்றிலிருந்து அறுபது மீட்டருக்குக் குறையாத தூரம் தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, மலம் கழித்து மண் மூட வேண்டும். சோப்பு போட்டு ஓடையில் பாத்திரம் கழுவக் கூடாது; தண்ணீரை முகந்துகொண்டு தள்ளிப்போய்க் கழுவ வேண்டும். விறகு பொறுக்கித் தீ மூட்டுவது அறவே கூடாது. கைக்கடக்கமான எரிவாயு அடுப்பு, அதுவும் புல் அகற்றிய வெறும் தரையில் அல்லது பாறையில். கொண்டுபோன மிட்டாய்த் தாள் வரை திரும்பி வர வேண்டும். டிசம்பர் இரவில் முகட்டில் உறைபனி விழும். விடியும்போது கூடாரத் துணி அப்பளமாக விறைத்திருக்கும். ஆகவே கம்பளியில் கஞ்சத்தனம் காட்ட முடியாது. பையின் எடையோ உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை முதல் ஏற்றத்திலேயே தோள் சொல்லிவிடும். அவல், சத்துமாவு, கடலை உருண்டை, வறுத்த நிலக்கடலை, முதல் நாளுக்குப் புளிச்சோறு: நம் சமையலறையே மலைக்குத் தோதான உணவை வைத்திருக்கிறது. நெகிழிப் பொட்டலத்தில் வரும் உடனடி நூடுல்ஸுக்கு அங்கே அவசியமில்லை.

இப்படி வாழ்கிறவர்கள் இப்போதும் நம் காடுகளில் இருக்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களைச் சொல்கிறேன். காட்டுக்குள் ஆங்காங்கே அவர்களுக்குச் சிறு முகாம்கள் உண்டு. பல முகாம்களைச் சுற்றி யானை நெருங்காதபடி அகழி வெட்டியிருப்பார்கள். பழனி மலையின் மேல்பகுதியில் அப்படியொரு முகாமில் இருந்த பளியர் காவலர் ஒருவருடன் ஒரு மாலைப்பொழுது பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே உத்தரத்திலிருந்து கம்பியில் அரிசிப் பை தொங்கியது, எலிக்குப் பயந்து. சுவரோரம் ஒரு வயர்லெஸ் கருவி, ஒரு அரிவாள், கருவாட்டு வாசம் வீசும் ஒரு டப்பா. தேய்ந்த ரப்பர் செருப்போடு நாள்முழுக்க ரோந்து நடந்துவிட்டு வந்திருந்தார். ஓடைக்கரையில் வழவழப்பான புல்தரை ஒன்று இருந்தது. கூடாரம் கட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது, அவரிடம் கேட்டேன்.

“அண்ணே, அந்த ஓடைப் பக்கம் படுத்தா என்ன?”

“வேணாம் சார். தண்ணி சத்தம் கேக்குற எடத்துல படுக்கவே கூடாது. ஆனை வர்றது காதுல விழாது. அதுக்கும் நம்ம வாசம் தெரியுறதுக்குள்ள பக்கத்துல வந்துரும்.”

இரண்டு முகடுகள் சேரும் தாழ்ந்த கணவாயிலும் படுக்கக் கூடாது என்றார். பள்ளத்தாக்கு மாறும் விலங்குகள் எல்லாமே அந்த வழியாகத்தான் கடக்கும். வெட்டவெளிப் புல்மேட்டில் படுத்தால் காற்று கூடாரத்தைத் தூக்கிவிடும். சோலைக்கு வெளியே, காற்றுக்கு மறைவான பக்கத்தில், நாலு திசையும் பார்வை போகிற மாதிரி ஓர் இடம் பார்க்க வேண்டும். அங்கிருந்தே விரல் நீட்டி மூன்று இடங்களைக் காட்டினார். எந்த வரைபடத்திலும் இல்லாத அறிவு அது. குருசாமி மரபு வனத்துறையின் தினக்கூலிப் பட்டியலில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் ஊதியமும் மதிப்பும்தான் போதாது.

நடந்து காட்டிய இடங்கள்

உலகத்தில் நீண்ட முகட்டு நடை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பென்டன் மக்காய் என்ற வனத்துறை அறிஞர் 1921-இல் இதை ஒரு கட்டுரையில் முன்மொழிந்தார். 1937-இல் பாதை முழுமை பெற்றது. 1968-இல் நாடாளுமன்றச் சட்டம் இதைத் தேசியப் பாதையாக்கியது. பாதையை வெட்டியதிலும் இன்றுவரை பராமரிப்பதிலும் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மலையேற்றச் சங்கம் பொறுப்பு. விழுந்த மரத்தை அறுப்பது, மரங்களில் வெள்ளைப் பட்டை அடையாளம் தீட்டுவது, மழைநீர் பாதையை அரிக்காமல் கல் பதிப்பது எல்லாம் அவர்கள் வேலை. தங்குவதற்கு மூன்று பக்கம் மட்டும் சுவர் வைத்த மரக் கொட்டகைகள் 250-க்கு மேல் இருக்கின்றன. கதவு கிடையாது, மின்சாரம் கிடையாது. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் போகும் பகுதியில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவு தங்க முடியாது. கரடி எட்டாதபடி உணவுப் பையைக் கம்பியில் ஏற்றிக் கட்ட வேண்டும்.

1955-இல் இந்தப் பாதை முழுவதையும் ஒரே மூச்சில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் எம்மா கேட்வுட். அப்போது அவருக்கு வயது 67. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கான்வாஸ் காலணி, தானே தைத்த ஒரு துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, கூடாரம்கூட எடுத்துப்போகவில்லை. விலை உயர்ந்த கருவிகள் இருந்தால்தான் மலை ஏற முடியும் என்று கடைகள் சொல்லும் இந்தக் காலத்தில் அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கூடலூரைத் தாண்டிக் குமுளிக்குப் போனாலே போதும். பெரியாறு புலிகள் காப்பகத்தில் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் 1990-களின் இறுதியில் ஒரு குழுவாகத் திரட்டப்பட்டார்கள். வேட்டையும் தெரிந்தவர்கள், காட்டின் ஒவ்வொரு மடிப்பும் அறிந்தவர்கள். அவர்களே இன்று ‘டைகர் டிரெயில்’ என்ற நடைக்கு வழிகாட்டிகள். ஆயுதம் தாங்கிய வனக்காவலர் ஒருவருடன் மிகச் சிறு குழுக்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்து, சமைத்துப்போட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். நடக்கும்போதே ரோந்தும் நடக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் இது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கெட்டுப்போன உதாரணங்களும் நம் முன்னால் இருக்கின்றன. உத்தராகண்டின் மலைமேல் புல்வெளிகளான புக்யால்களில் கூடாரங்கள் ஊர் ஊராக முளைத்து, 2018 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றம் அங்கே இரவுத் தங்கலையே தடைசெய்தது. 2024 ஜனவரி விடுமுறையில் கர்நாடகத்தின் குமார பர்வத அடிவாரத்தில் ஆயிரக்கணக்கானோர் திருவிழாக் கூட்டமாக மொய்த்த காட்சியை நாடே பார்த்தது. முன்பதிவு முறை இல்லாத மலைப்பாதைகளை அரசு உடனே மூட வேண்டியதாயிற்று. நம் ஊரில், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கும் வழக்கம் மிகப் பழையது. தலைமுறை தலைமுறையாக மாட்டு வண்டி கட்டி வந்து தங்கிய குடும்பங்கள் உண்டு. கூட்டம் லட்சங்களுக்குப் போனபிறகு, திருவிழா முடிந்ததும் தாமிரபரணியில் மிதக்கும் துணிகளையும் நெகிழிகளையும் அள்ள ஆள் திரட்ட வேண்டியிருக்கிறது. தங்கும் நாட்களையும் குறைத்துவிட்டார்கள். பக்தியோ பொழுதுபோக்கோ, தலை எண்ணிக்கை கூடிவிட்டால் நிலம் இரண்டையும் ஒரே மாதிரிதான் தாங்காமல் போகிறது. முன்பதிவு, எண்ணிக்கை வரம்பு, உடன்வரும் ஆள் ஆகிய மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் முகட்டுப் பாதை திறக்கவே கூடாது என்பேன்.

எந்த முகடு, எந்த மாதம்?

எல்லா முகடும் இதற்கு ஏற்றதாகாது. புலிகள் காப்பகங்களின் கருப்பகுதிகளை அப்படியே விட்டுவிட வேண்டும். வரையாடு குட்டி போடும் பாறைச் சரிவுகளைச் சீண்டக் கூடாது. நம் மாநில விலங்கான வரையாடு, 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031-தான் இருந்தது. அதற்காகத் தனித் திட்டமே நடக்கிறது. ஜனவரி இறுதியிலிருந்து குட்டிகளின் காலம். இரவிகுளத்தில் அப்போது பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. பிப்ரவரி பாதியிலிருந்து தீப் பருவம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அட்டை, மண்சரிவு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை பழனி மலையைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் கழித்தால் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி கடைசி வரை ஏறக்குறைய இரண்டு மாதம் நடக்கலாம். குறைவுதான். அந்தக் குறைவு மலைக்கு நல்லது.

எனக்குப் பொருத்தமாகத் தெரிவது பழனி மலையின் மேல்தளம். கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்கள் போகின்றன. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்கள். கிளாவரைக்கு அப்பால் மலையைக் கடந்தால் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை. அங்கேயும் தமிழ் பேசும் விவசாயிகள். எல்லை போடுவதற்கு முந்தைய உறவுகள். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நடந்துபோன வழி இன்னும் தடமாக இருக்கிறது. அங்கிருந்து டாப் ஸ்டேஷன். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணி இறக்கம். அந்த இறக்கத்தில் ஒருகாலத்தில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் போடிப் பக்கம் இறங்கின. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த வடத்தின் மேல் நிலையத்தால் வந்ததுதான். தெற்கே பேரிஜம் ஏரியைத் தொட்டுப் போகும் பழைய கொடைக்கானல் – மூணாறு சாலையும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜப்பான் தாக்கினால் தப்பிப்போகும் வழியாகச் சீர்படுத்தப்பட்டு, பிறகு பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட சாலை. அதை மறுபடி வாகனங்களுக்குத் திறக்க வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுகிறது. அப்படித் திறந்தால் சோலைகளின் கதி முடிந்தது. சாலைக்கு ஆசைப்படும் ஊர்களுக்கு வேறு வருமானம் காட்டாமல் சாலை வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையும் ஆகாது.

முகட்டுப் பாதை அந்த வருமானத்தில் ஒரு பங்கைத் தர முடியும். நடந்துவருகிறவர் ஓர் இரவு காட்டில் தங்கினால் அடுத்த இரவு கிளாவரையிலோ வட்டவடையிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கட்டும். அந்த வீட்டுச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக் காசு கொடுக்கட்டும். வழிகாட்டிக் கூலி பளியர், முதுவர் குடும்பங்களுக்கு நேராகப் போகட்டும்; நகரத்து நிறுவனம் நடுவில் நின்று கழித்துக்கொண்டு கொடுக்கும் முறை வேண்டாம். வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்துவிட்டது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் உரிமையையும் கிராம சபைக்குக் கொடுக்கும் அந்தச் சட்டத்துக்கு இங்கே ஒரு நடைமுறை வேலை கிடைக்கும். முகாம் இடங்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எந்த ஆண்டு எந்த இடத்துக்கு ஓய்வு கொடுப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும். புல் திரும்ப வளர்கிறதா என்று தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இதில் அதிகாரிகளுக்கு இருக்கும் உண்மையான சிக்கலையும் மறுக்கவில்லை. ஒரு விபத்து நடந்தால் கையெழுத்துப் போட்ட வனச்சரகர்தான் பதில் சொல்ல வேண்டும். அனுமதி மறுத்த அதிகாரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த நிலை இருக்கும்வரை எந்த அதிகாரியும் பாதையைத் திறக்க முன்வர மாட்டார். ஆகவே பொறுப்பை எழுத்தில் பிரித்து வைக்க வேண்டும்: நடப்பவரின் உடல்தகுதிச் சான்று, காப்பீடு, குழுவுக்கு ஒரு வயர்லெஸ், இடையில் இறங்கிவிட அடையாளமிட்ட தப்பும் வழிகள், காட்டுத்தீக்கும் எலும்பு முறிவுக்கும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் பக்தர்களில் சிலர் ஆண்டுதோறும் மூச்சடைத்தும் மாரடைப்பு வந்தும் இறக்கிறார்கள். அதற்காக அந்த மலையை நாம் மூடவில்லை. இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரித்து, மருத்துவக் குழுவை நிறுத்தி, பையைச் சோதித்து நெகிழியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புகிறோம். நம்பிக்கைக்காக ஏறுகிறவருக்குச் செய்யும் ஏற்பாட்டை, மலைக்காகவே ஏறுகிறவருக்கும் செய்யலாம்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானலும் மூணாறும் எப்படித் திணறின என்று பார்த்தோம். அடுத்து 2030-இல் பூக்கும். அந்த ஆண்டு வரப்போகும் கூட்டத்தை நெறிப்படுத்த, மலையை அடி அடியாகத் தெரிந்த, கூட்டத்தைக் கையாண்டு பழகிய உள்ளூர் வழிகாட்டிகள் நூற்றுக்கணக்கில் தேவைப்படுவார்கள். அவர்களைக் கடைசி மாதத்தில் உருவாக்க முடியாது. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலங்களின் வனத்துறையும் உட்கார்ந்து பேசி, வரும் டிசம்பரிலேயே ஒரு சோதனை ஓட்டத்தைத் தொடங்கலாம். கிளாவரையிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணி வரை ஒரே ஒரு பாதை; ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மிகாத ஒரே குழு; தீ மூட்டாத முகாம்கள்; ஜனவரி முடிந்ததும் பாதையை மூடி, சூழலியல் ஆய்வாளர்களையும் கிராம சபையையும் வைத்துப் புல், ஊற்று, விலங்குத் தடம் எல்லாவற்றையும் அளந்து, அறிக்கையைப் பொதுவில் வைக்கட்டும். அறிக்கை பாதகமாக வந்தால் பாதையை மூடிவிடலாம். நானும் அதை ஏற்பேன். சாதகமாக வந்தால் அடுத்த டிசம்பரில் இன்னொரு முகாம் இடத்தைச் சேர்க்கலாம்.